பிக்கலோ ஹை ட்ரில்லுக்கு மாத்து ஃபிங்கரிங்: நீங்களே தேடி எடுக்கறதுக்கு முழு வழிகாட்டி

இது யாருக்குன்னா, பிக்கலோவுல (குட்டி ஃப்ளூட்) மூணாவது ஆக்டேவ் நோட்டு எல்லாம் சார்ட் பாத்து ஒருவழியா ஊதிடுவேன், ஆனா ட்ரில் (பக்கத்து பக்கத்து ரெண்டு நோட்டை வேகமா மாத்தி மாத்தி ஊதறது) வந்தா விரல் சிக்கிக்கிது, இல்லன்னா கீழ் நோட்டு மட்டும் வந்து மேல் நோட்டு செத்துப்போகுதுன்னு சொல்றவங்களுக்கு. தங்கச்சிமடம், பாம்பன், ஓரியூர்னு நம்ம கடக்கரைப் பக்கத்து ஊர்கள்ல திருவிழா பேண்டுக்கு புதுசா வர்ற பிள்ளைக முக்கால்வாசிப் பேரு செய்யறது ஒண்ணுதான், போன்ல ஃப்ளூட் ட்ரில் சார்ட் ஒண்ணை எறக்கி அதை அப்படியே பிக்கலோவுல பிடிக்கிறது. அதுல பாதி வேலை செய்யும், பாதி செய்யாது. பெரும்பாலான பிக்கலோவுக்கு உள்துளை கீழ போகப்போக குறுகிக்கிட்டே போகும், ஃப்ளூட்டுக்கு உடம்பு நேர்க்குழா, அதனால உச்சி நோட்டுகள்ல ரெண்டும் ஒரே மாதிரி நடந்துக்காது. மாடலுக்கு மாடலும் மாறும். சார்ட்டை ஒரு ஆரம்பமா வச்சுக்கலாம், தீர்ப்பா வச்சுக்க வேண்டாம்.

எழுதற முறை: இடது கை ஆள்காட்டி, நடு, மோதிர விரல் இ1, இ2, இ3. வலது கை அதே மாதிரி வ1, வ2, வ3. கட்டைன்னா இடது கட்டவிரல். சுண்டுன்னா வலது சுண்டுவிரல்ல இருக்கற ஈ ஃபிளாட் கீ. நோட்டு எல்லாம் தாள்ல எழுதியிருக்கறபடி, கேக்கறது அதுக்கு ஒரு ஆக்டேவ் மேல. "ஹை"ன்னா மூணாவது ஆக்டேவ்.

1. தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

முதல்ல கருவி லீக் இல்லாம இருக்கணும். இது ஏன் முதல் படின்னா, மாத்து ஃபிங்கரிங் (வழக்கமான விரல் பிடிக்கு பதிலா வேற பிடி) பெரும்பாலும் ஏதோ ஒரு சின்ன ஓட்டையை தொறந்து வச்சு நோட்டை ஒசக்க தள்ளுற வேலை, ஏற்கனவே ஒரு பேட் (கீக்கு அடியில ஓட்டையை மூடற மெத்தை) சரியா மூடலன்னா நீங்க தொறக்காத ஓட்டை ஒண்ணு தொறந்தே கிடக்கு, அப்புறம் எந்த முடிவும் நம்ப முடியாது. சிகரெட் பேப்பர் ஒரு துண்டு பேடுக்கு அடியில வச்சு கீயை லேசா மூடி பைய இழுத்துப் பாருங்க. பிடிமானம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும், ஒரு பக்கம் மட்டும் வழுக்கிட்டு வந்தா அங்க லீக்.

நம்ம ஊர் உப்புக்காத்துல பேடை விட ஸ்ப்ரிங்கும் ராடும்தான் சீக்கிரம் கெடும். ரெண்டு ட்ரில் கீயையும் (வலது நடு, மோதிர விரல் அடிக்கிற சின்ன கீ) தனித்தனியா அமுக்கி விடுங்க, "டப்"புனு திரும்பணும், சோம்பேறியா திரும்புச்சுன்னா ட்ரில் நடுவுல ஓட்டை தொறந்தே நின்னுக்கும், நீங்க ஃபிங்கரிங்கை திட்டிக்கிட்டு இருப்பீங்க. நீங்களா எண்ணெய் விட்டு நோண்டாம ரிப்பேர் தெரிஞ்ச ஆளுகிட்ட கொடுங்க, மதுரை வரைக்கும் போக வேண்டியிருந்தாலும் பரவாயில்ல.

அடுத்து தலைப்பகுதி கார்க். க்ளீனிங் ராடுல ஒரு கோடு போட்டிருக்கும், உள்ள விட்டா அந்தக் கோடு ஊதுற ஓட்டைக்கு நட்டநடுவுல தெரியணும். கார்க் நகந்திருந்தா ஆக்டேவ்களுக்கு இடையில சுருதி கோணிக்கும், அது முதல்ல தெரியறது மூணாவது ஆக்டேவ்லதான்.

மத்தபடி எழுதறதுக்கு ஒரு நோட்டுப்புத்தகம், பென்சில், டியூனர் ஆப், வலது காதுக்கு ஒரு இயர் ப்ளக். ப்ளக் கட்டாயம். சின்ன ரூமுக்குள்ள ஹை நோட்டு 100 டெசிபலை தாண்டிடும், கருவி நிக்கறது உங்க வலது காதுக்கு பக்கத்துல.

2. எந்த ரெண்டு நோட்டுன்னு எழுதுங்க

ட்ரில் குறி கீழ் நோட்டு மேல மட்டும்தான் இருக்கும். மேல் நோட்டு எதுங்கறதை கீ சிக்னேச்சர் (வரி தொடக்கத்துல போட்டிருக்கற ஷார்ப், ஃபிளாட்) பாத்து நீங்கதான் முடிவு பண்ணணும். டி மேஜர்ல ஹை ஈ மேல ட்ரில்னா அது ஈ, எஃப் ஷார்ப். எஃப் மேஜர்ல அதே குறி ஈ, எஃப். ஒண்ணு முழு ஸ்வரம், இன்னொண்ணு அரை, ரெண்டுக்கும் ஃபிங்கரிங் வேற வேற. குறி பக்கத்துல தனியா ஷார்ப், ஃபிளாட், நேச்சுரல் போட்டிருந்தா அது மேல் நோட்டுக்கு.

இதை எழுதாம தேட உக்காந்தா அரை ஸ்வர ட்ரில்லுக்கு அருமையான ஃபிங்கரிங் கண்டுபிடிச்சு அதை முழு ஸ்வர இடத்துல வாசிச்சுட்டு வருவீங்க.

3. எத்தனை விரல் அசையுது, எந்தப் பக்கம் அசையுது

ரெண்டு நோட்டுக்கும் வழக்கமான ஃபிங்கரிங்கை ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதி, மாறுற விரலுக்கு மட்டும் வட்டம் போடுங்க. ஒரே விரல்னா தேட வேண்டியதே இல்ல. ரெண்டு விரல், ரெண்டும் ஒரே நேரம் ஏறுது இல்ல எறங்குதுன்னாலும் பழகிக்கலாம். ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு எறங்குதுன்னா அங்கதான் மாத்து வேணும், ஏன்னா ரெண்டுக்கும் நடுவுல ஒரு நொடித்துணுக்குக்கு வேற ஏதோ ஃபிங்கரிங் உருவாகும், மூணாவது ஆக்டேவ்ல அந்தத் துணுக்கே ஒரு கிறீச்சு கொடுத்துரும்.

ஹை ஈ: கட்டை, இ1, இ2, வ1, வ2, சுண்டு. ஹை எஃப்: கட்டை, இ1, இ3, வ1, சுண்டு. மாறுறது இ2 மேல, இ3 கீழ, வ2 மேல. மூணு விரல், எதிரெதிர் திசை. ஹை ஜி (கட்டை இல்லாம இ1, இ2, இ3, சுண்டு) லருந்து ஹை ஏ (கட்டை, இ2, வ1, சுண்டு) போகணும்னா நாலு விரல் அசையணும், ரெண்டு மேல ரெண்டு கீழ. இந்த எண்ணிக்கையைப் பாத்தாலே எந்த ட்ரில்லுக்கு நேரம் செலவழிக்கணும்னு தெரிஞ்சிடும்.

4. ஒரு விரல்னா ஒரு ஓட்டை இல்ல

இதை யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனாலதான் தேடல் குருட்டுத்தனமா போகுது. கருவியை மடியில வச்சு ஒவ்வொரு கீயா அமுக்கி எது எது கூட சேந்து மூடுதுன்னு கண்ணால பாருங்க. வ3ஐ மட்டும் அமுக்குங்க, அதுக்கு மேல விரலே படாத எஃப் ஷார்ப் கீயும் சேந்து எறங்கும். வ1, வ2 அமுக்கினாலும் அதே கீ எறங்கும். வ1 கூடுதலா இடது கைப்பக்கம் பி ஃபிளாட் பேடையும் மூடும்.

இ3 சாதாரணமா ரெண்டு ஓட்டையை மூடும். ஸ்ப்ளிட் ஈங்கற அமைப்பு இருக்கற கருவியில ஹை ஈ பிடிக்கும்போது அந்த ரெண்டுல ஒண்ணு மட்டும் மூடிக்கும். உங்க கருவியில இருக்கா இல்லையான்னு இப்பவே பாத்துக்கங்க, ஸ்ப்ளிட் ஈ இல்லாத கருவிக்கு போட்ட சார்ட் உங்களுக்கு ஒத்து வராம போகலாம்.

கட்டவிரலுக்கு அடியில ரெண்டு கீ இருக்கு, ஒண்ணு பி, இன்னொண்ணு பி ஃபிளாட். பேண்டுல ஒரு தம்பி "அண்ணே, சார்ட்ல இருக்கறபடிதான் பிடிக்கிறேன், எஃப் ஷார்ப் மட்டும் வரவே மாட்டேங்குதுண்ணே"ன்னு வந்து நின்னான். விரல் எல்லாம் சரி, கட்டவிரலைத் திருப்பிப் பாத்தா பி ஃபிளாட் கீ மேல குந்தியிருக்கு. நம்ம பேண்டுகள்ல பி ஃபிளாட், ஈ ஃபிளாட் ஸ்கேல்லயே பாதி நோட்டு இருக்கறதால கட்டவிரல் அங்கயே குடியிருக்கும். ஹை எஃப் ஷார்ப்புக்கும் ஹை பிக்கும் அது கண்டிப்பா பி கீயில இருக்கணும். தேடும்போது ஒவ்வொரு தடவையும் கட்டவிரலை முதல்ல பாருங்க.

5. அடி நோட்டு எது, தொறந்த ஓட்டை எது

ஹை நோட்டு எதுவும் தனியா ஒரு ஃபிங்கரிங் இல்ல. கீழ் ஆக்டேவ் நோட்டு ஒண்ணோட (அதுதான் அடி நோட்டு) ஹார்மோனிக் (அதே பிடியில காத்தை வேகமா ஊதினா மேல கிளம்பற நோட்டு), அது நழுவாம நிக்கறதுக்கு நடுவுல ஒரு ஓட்டை தொறப்பு, அவ்வளவுதான். இதை ஒரு தடவை உக்காந்து எழுதிட்டீங்கன்னா சார்ட் இல்லாமயே பாதி ட்ரில் பிடிபடும்.

கீழ் ஈ, அதுல இ3ஐ தொறந்தா ஹை ஈ. கீழ் எஃப்ல இ2ஐ தொறந்தா ஹை எஃப். கீழ் எஃப் ஷார்ப்ல இ2 தொறந்தா ஹை எஃப் ஷார்ப். கீழ் ஜில கட்டையை எடுத்தா ஹை ஜி. ஜி ஷார்ப்ல கட்டையும் இ1உம் எடுத்தா ஹை ஜி ஷார்ப். இது எல்லாம் நாலாவது ஹார்மோனிக், அதாவது அடி நோட்டுக்கு சரியா ரெண்டு ஆக்டேவ் மேல.

ஹை டி வேற கணக்கு. அது கீழ் ஜில இ1ஐ தொறந்தது, மூணாவது ஹார்மோனிக். ஹை ஏயைப் பாருங்க, கீழ் எஃப்ல இ1, இ3 ரெண்டையும் தொறந்தது, அஞ்சாவது ஹார்மோனிக். ஹை பி கீழ் ஜியோட அஞ்சாவது, ஹை சி ஜி ஷார்ப்போட அஞ்சாவது. அஞ்சாவது ஹார்மோனிக் இயற்கையாவே நாம டியூன் பண்ற அளவுக்கு 14 சென்ட் கீழதான் விழும் (100 சென்ட் ஒரு அரை ஸ்வரம்). கருவி செய்யறவங்க ஓட்டை வச்சு இதை ஓரளவு சரிக்கட்டியிருப்பாங்க, ஆனா நீங்க தேடிப் பிடிக்கிற ஃபிங்கரிங்குக்கு அந்தச் சலுகை கிடையாது.

6. தேடற வரிசை

வரிசையை மாத்தாதீங்க, எளிதுலருந்து கஷ்டத்துக்கு போற மாதிரி வச்சிருக்கேன்.

முதல் முயற்சி: ரெண்டு அடி நோட்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசமோ அதை மட்டும் அசைங்க, தொறப்பை மாத்தாதீங்க. ஈ, எஃப் ட்ரில்லை எடுத்துக்குவோம். கீழ் ஈக்கும் கீழ் எஃப்க்கும் வித்தியாசம் வ2 மட்டும்தான். அப்ப ஹை ஈயை பிடிச்சுக்கிட்டு வ2ஐ மட்டும் தூக்குங்க. எஃப்புக்கு சேர வேண்டிய தொறப்பு இ2, இங்க தொறந்து கிடக்கறது இ3, அதனால சுருதி கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டு இருக்கும், ஆனா அசையறது ஒரே விரல். டி ஷார்ப், ஈ ட்ரில்லுக்கும் இதே வழி: ஹை டி ஷார்ப்ல (எல்லா விரலும், கூட இடது சுண்டுவிரல்ல இருக்கற ஜி ஷார்ப் கீ) வ3ஐ மட்டும் தூக்கிப் பாருங்க.

ரெண்டாவது: மேல் நோட்டுக்கு வேண்டிய விரலை கீழ் நோட்டுலயே முன்கூட்டி பிடிச்சு வைங்க. எஃப், எஃப் ஷார்ப் ட்ரில்லுக்கு கீழ் ரெண்டு ஆக்டேவ்லயும் எல்லாரும் செய்யறது இதுதான், வ3ஐ அமுக்கியே வச்சுக்கிட்டு வ1ஐ மட்டும் அடிக்கிறது. மேல் ஆக்டேவ்லயும் கட்டை, இ1, இ3, வ3 பிடிச்சுக்கிட்டு வ1ஐ அடிச்சுப் பாருங்க. எஃப் மங்கலா இருந்தா வ3க்கு பதில் வ2ஐ பிடிங்க. ஹை எஃப் ஷார்ப்புக்கு வ2 போட்டாலும் வரும், நிறைய பிக்கலோவுல அதுவே நல்லா பேசும்.

மூணாவது: கீழ் நோட்டை அசையாம பிடிச்சுக்கிட்டு ட்ரில் கீகளை அடிக்கிறது. முதல் கீ (வ2 விரலுக்கு), ரெண்டாவது கீ (வ3 விரலுக்கு), அப்புறம் ரெண்டும் சேத்து, இந்த வரிசையில. அந்த ஓட்டை ரெண்டும் சின்னது, குழாயோட மேல் பகுதியில இருக்கு, அதனால நோட்டை கொல்லாம ஒசத்துற வாய்ப்பு அதுக்குத்தான் அதிகம். ஹை ஜி, ஏ ட்ரில்லுக்கு ஃப்ளூட் சார்ட்கள்ல வழக்கமா இருக்கறதே இதுதான், ஜியைப் பிடிச்சு ரெண்டு ட்ரில் கீயையும் சேத்து அடிக்கிறது. நாலு விரல் எதிரும் புதிருமா ஓடுன இடத்துல ரெண்டு விரல் ஒரே திசையில அசையுது.

நாலாவது: மேல இருக்கற எதுவும் ஆகலன்னா ரெண்டு விரல் தேடுங்க, ஆனா ரெண்டும் ஒரே நேரம் தூக்கற மாதிரி. ஹை எஃப், ஜி ட்ரில்ல வ1ஐ மட்டும் தூக்கினா ஷார்ப்பான எஃப் ஷார்ப்லயே நின்னுக்க வாய்ப்பு உண்டு, ஜி வரைக்கும் ஏறாது. அப்ப கட்டையையும் சேத்து தூக்கிப் பாருங்க.

இந்த வரிசையில ஒவ்வொண்ணையும் முதல்ல நிறுத்தி ஊதுங்க. கீழ் நோட்டு நாலு எண்ணிக்கை, மேல் நோட்டு நாலு எண்ணிக்கை, நாக்கு வைக்காம. புதுசா வர்றவங்க எடுத்த எடுப்புல வேகமா ட்ரில் அடிச்சுப் பாத்து "வருது, வரல"ன்னு சொல்லிடறாங்க. வேகத்துல எல்லாமே ட்ரில்லாத்தான் கேக்கும், உண்மையில மேல் நோட்டு ஒரு ஆக்டேவ் தாவிட்டுக்கூட இருக்கலாம். நடு ஓட்டை ஒண்ணை தொறந்தா நோட்டு ஏறும்கறது பொதுவிதி, ஆனா மூணாவது ஆக்டேவ்ல அது சட்டுனு வேற ஹார்மோனிக்குக்கு குதிக்கும், அதை நின்னு கேட்டாத்தான் பிடிக்க முடியும்.

7. டியூனர் பாக்கறது

முதல்ல கீழ் நோட்டு. அது எழுதின நோட்டு, காதுல தங்கறதும் அதுதான், அது 5 சென்ட்டுக்கு மேல தப்பினா அந்த ஃபிங்கரிங்கை நான் தள்ளிடுவேன். மேல் நோட்டு 15, 20 சென்ட் வரை விலகினாலும் வேகத்துல மறைஞ்சிடும். ரெண்டுல ஒண்ணை விட்டுக்கொடுக்கணும்னா மேல் நோட்டைத்தான் விடணும். மேல் நோட்டு கீழ விழுந்து ட்ரில் குறுகிப்போறதை விட கொஞ்சம் ஷார்ப்பா இருக்கறது மேல்ங்கறது என் கருத்து, குறுகின ட்ரில் நடுக்கம் பிடிச்ச நோட்டு மாதிரி கேக்கும்.

சில ஆப் ஹை நோட்டை படிக்காது. பிக்கலோவோட ஹை ஏ 3520 ஹெர்ட்ஸ், உச்சி சி 4186, பியானோவோட கடைசி கீ. முள் அலைபாஞ்சா ஆப்பை விட்டுட்டு இன்னொரு போன்ல அதே பேரு நோட்டை தாழ்ந்த ஆக்டேவ்ல ட்ரோனா (விடாம ஒலிக்கற ஒரே நோட்டா) ஓட விட்டு, காதால அலைவு இல்லாம சேருதான்னு பாருங்க.

ஊதி சூடாகாத கருவியில டியூனர் பாக்காதீங்க. ஒரு டிகிரி வெப்பம் ஏறினா சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். ஏசி ஹாலுக்கும் மத்தியான வெயில் பவனிக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

8. கிட்டத்தட்ட வந்ததை சரிக்கட்டறது

முக்கால்வாசி வந்த ஃபிங்கரிங்கை தூக்கிப் போட்டுட்டு புதுசு தேடறதுதான் நேரத்தை தின்னும். முதல்ல சுண்டுவிரலை எடுத்துப் பாருங்க. ஹை ஈல சுண்டை எடுத்தா நோட்டு கொஞ்சம் எறங்கும், சுலபமாவும் பேசும். ஹை பி ஃபிளாட், ஹை பி, ஹை சிக்கு சுண்டு வழக்கமாவே கிடையாது, பழக்கதோஷத்துல அமுக்கி வச்சிட்டு "வரல"ங்கறவங்க நிறைய.

அடுத்து சும்மா இருக்கற வலது விரல்களை சேருங்க. ஹை ஜி ஷார்ப் ஷார்ப்பா, முரண்டு பிடிச்சுக்கிட்டு இருந்தா வ2, வ3 சேத்தா எறங்கி அடங்கும். ஜி ஷார்ப்ல தொடங்குற ட்ரில் எதுவா இருந்தாலும் வலது கை ஃப்ரீயா இருந்தா இதை வச்சுப் பாருங்க. ட்ரில் கீ அடிக்க வ2, வ3 வேணும்னா இது ஆகாது, அது ஒரு இடைஞ்சல்.

உதட்டால சரிக்கட்டறதை கடைசியா வைங்க. ட்ரில் ஓடும்போது ஒவ்வொரு நோட்டுக்கும் உதட்டை மாத்த முடியாது, ரெண்டுக்கும் பொதுவா ஒரு இடத்துல வச்சு காத்தோட வேகத்தை மட்டும் மேல் நோட்டுக்கு போதுமான அளவு ஏத்திக்கணும். கீழ் நோட்டுக்கு வேண்டிய காத்தை மட்டும் கொடுத்தா மேல் நோட்டு வராது.

9. வேகம் ஏத்தறது

மெட்ரோனோம் 60ல ஒரு அடிக்கு ரெண்டு நோட்டு, அப்புறம் மூணு, நாலு, ஆறு. இதுக்கு முன்னாடி ஊதாமலே விரல் மட்டும் பழகுங்க, காதுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நல்லது. அடிக்கிற விரல் கீயை விட்டு ரொம்ப தூக்கக்கூடாது, பிக்கலோவுல கீ ஓட்டம் ரொம்ப குட்டை. மத்த விரல் இறுகிப்போனா ட்ரில் விரலும் இறுகும்.

தொடக்கமும் முடிவும் தனி வேலை. நேரம் இருந்தா முதல் கீழ் நோட்டை வழக்கமான ஃபிங்கரிங்ல ஊதிட்டு மாத்துக்கு போங்க, முடிவுல வர்ற திருப்ப நோட்டுகளை மறுபடி வழக்கமானதுல பிடிங்க. மாத்துலருந்து வழக்கத்துக்கு திரும்பற அந்த இணைப்பை மட்டும் தனியா பழகணும், மேடையில ட்ரில் உடையறது பெரும்பாலும் அங்கதான்.

10. வெளியில வாசிச்சுப் பாக்கறது

ரூம்ல ஜெயிச்ச ஃபிங்கரிங் கடக்கரை ரோட்டுல தோக்கும். கச்சான் (மேல்காத்து) அடிக்கிற மாசத்துல எதிர்காத்து நேரா உதட்டுக்கு முன்னாடி வந்து உங்க காத்தையே வளைச்சிடும், முதல்ல சாகறது பலவீனமான மேல் நோட்டுதான். அதனால ஒவ்வொரு ட்ரில்லுக்கும் ரெண்டு ஃபிங்கரிங் தேர்ந்தெடுங்க, ஹாலுக்கு சுருதி சுத்தமானது, பவனிக்கு சுருதி கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் முரட்டுத்தனமா பேசறது. நின்னு வாசிக்கிற இடம்னா காத்துக்கு முதுகு காட்டி நில்லுங்க.

கூட இருக்கற ஆளை நாப்பது அம்பது அடி தள்ளி நிக்க வச்சு, எந்த ஃபிங்கரிங்னு சொல்லாம ரெண்டையும் வாசிச்சு எது தெளிவா கேக்குதுன்னு கேளுங்க. வாசிக்கிறவனுக்கு கீயோட டக்டக் சத்தமும் காத்து இரைச்சலும் சேந்தே கேக்கும், அங்க அது எட்டாது. போன்ல ரெக்கார்ட் பண்ணினா பக்கத்துல வைக்காதீங்க, ஹை நோட்டுல மைக் கிழிஞ்ச சத்தம்தான் பதியும்.

11. எழுதி வைக்கிறது

ட்ரில், பிடிக்கிற விரல், அடிக்கிற விரல், கீழ் நோட்டு எத்தனை சென்ட், மேல் நோட்டு எத்தனை சென்ட், மெதுவா ஊதினா வருதா, எந்தக் கருவி. கருவி பேரு முக்கியம், பேண்டு கருவி மாத்தி மாத்தி வாசிக்கிற இடத்துல பிளாஸ்டிக் உடம்பு பிக்கலோவுல எடுத்த குறிப்பு மர பிக்கலோவுல அப்படியே நடக்கும்னு இல்ல. ஆகாததையும் எழுதுங்க, இல்லன்னா அடுத்த திருவிழாவுக்கு அதே ஃபிங்கரிங்கை புதுசா கண்டுபிடிச்ச சந்தோஷத்தோட மறுபடி தேடிக்கிட்டு இருப்பீங்க.

பார்ட் தாள்ல ட்ரில் குறிக்கு மேல அடிக்கிற விரலை மட்டும் பென்சில்ல போடுங்க, முழு ஃபிங்கரிங்கும் எழுதினா நடந்துக்கிட்டே வாசிக்கும்போது கண்ணுக்கு எட்டாது. கொடியேத்தத்துக்கு முந்தின நாள் வரைக்கும் ஒரு ட்ரில் நிக்கலன்னா மாஸ்டர்கிட்ட சொல்லி ட்ரில்லை எடுத்துட்டு கீழ் நோட்டை நீட்டிப் பிடிச்சுக்கங்க, இல்ல பக்கத்துல கிளாரினெட் அதே ட்ரில்லை வாசிக்குதுன்னா அதுக்கு விட்ருங்க.